நாலாம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

ஆரோக்கியமான உபதேசம், அதாவது பிழையில்லாத போதனை, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கள்ளப்போதகர்களை அடையாளம் கண்டுகொள்ளும் வழிகளை விளக்கியிருந்தீர்கள். சரிதான். ஆனால் நம் சபைகளில் பெரும்பாலும் கெடுதல் வருவது கள்ளப்போதகரால் அல்ல. நல்ல மனசுள்ளவர், ஜெபிக்கிறவர், ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்க்காமல் பேசிவிட்டுப் போகிறாரே, அவரால்தான். என் குடும்பத்திலேயே அதைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு 11 வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஊரில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஏசாயா 53:5-ஐ வாசித்துவிட்டு, "இயேசுவின் தழும்புகளால் குணமாகிறோம் என்று எழுதியிருக்கும்போது மாத்திரை எதற்கு?" என்று கேட்டாராம். பந்தல் முழுக்க அல்லேலூயா. மறுநாள் காலையில் இவள் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரியில் பழைய பாமாலைப் புத்தகத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை. எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதத்தில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், இடது காலில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு விசுவாசம் பத்தலையோ அக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பேசினவர் அதற்குள் எத்தனையோ ஊர் போய்விட்டார்.

கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதை நான் மறுக்கவில்லை. மத்தேயு 8-ம் அதிகாரமே, இயேசு நோயாளிகளைக் குணமாக்கினதை ஏசாயாவின் இதே அதிகாரத்தோடு சேர்த்துச் சொல்கிறது. ஆனால் தழும்புகளைப் பற்றிய வசனத்தைப் பேதுரு எடுத்துச் சொல்லும்போது (1 பேதுரு 2:24, 25), நாம் பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதையும், சிதறுண்ட ஆடுகள் மேய்ப்பரிடம் திரும்பினதையும் பற்றிப் பேசுகிறார். ஏசாயாவிலும் அடுத்த வசனம் வழிதப்பித் திரிந்த ஆடுகளைப் பற்றியதுதான். இன்னும் இரண்டு நிமிஷம் வாசித்திருக்கலாம். மாத்திரையை நிறுத்து என்ற கட்டளை இரண்டு இடத்திலும் இல்லை.

அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ம் அதிகாரத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஜனங்கள் ஆரோக்கியமான உபதேசத்தைப் பொறுக்காமல், காதுக்கு இனிமையானதையே கேட்க விரும்பும் செவித்தினவு பிடித்து, தங்கள் இஷ்டத்துக்குப் போதகர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது 3-ம் வசனம். உபதேசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கீழே போனால், 11-ம் வசனத்தில் லூக்கா மட்டும் தன்னோடு இருக்கிறான் என்கிறார் பவுல். கொலோசெயர் நிருபத்தில் "பிரியமான வைத்தியன்" என்று அவர் எழுதிய அதே லூக்கா. 20-ம் வசனத்தில், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாக இருக்கும்போதே விட்டுவந்தேன் என்கிறார்.

"பவுலா விட்டுட்டு வந்தார்?" என்று தங்கை எழுந்து உட்கார்ந்தாள். ஆமாம், பவுல்தான். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று அவர் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. இதே தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். 'ஆரோக்கியமான' என்று நம் வேதாகமத்தில் இருக்கிற சொல்லுக்குக் கிரேக்கத்திலும் உடம்பு சுகத்தைக் குறிக்கும் வார்த்தைதான் இருக்கிறது. சுகமுள்ளவர்களுக்கு வைத்தியன் வேண்டியதில்லை என்று இயேசு சொன்னதை லூக்கா எழுதிய இடத்திலும் அதே வார்த்தைதான்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. 31 வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். ஏசாயா 53:5-ஐ எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாகக் கொடுத்திருப்பேன்! ஒப்பித்தால் ஒரு ஸ்டிக்கர். ஆறாம் வசனத்தையும் சேர்த்து ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் தங்கை மாதிரி எத்தனை பேர் அரை வசனத்தோடு வளர்ந்திருப்பார்களோ என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக என்று யாக்கோபு எழுதியது, போதிக்கிறவனுக்கு அதிக ஆக்கினை (தண்டனை) உண்டு என்பதால்தான். அந்தப் பயம் முன்பு நம் மண்ணில் இருந்தது. தரங்கம்பாடி மிஷனில், புராட்டஸ்டண்ட் சபையின் முதல் இந்தியப் போதகரான ஆரோன் ஞானஸ்நானம் பெற்றது 1718-ல். உபதேசியாராக ஊழியம் செய்து, 1733-ல்தான் குருப்பட்டம் பெற்றார். பதினைந்து வருஷம்! இன்றைக்கு ஒருவருக்கு நன்றாகப் பேச வருகிறது என்று தெரிந்தாலே போதும், மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

வெளியூர்ப் பிரசங்கியாரை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையில் சொல்லப்பட்டதற்குப் பொறுப்பு, அழைத்த சபையின் போதகருக்கும் மூப்பருக்கும் உண்டு. அடுத்த ஞாயிறு அதே அதிகாரத்தைத் திறந்து முழுதாக விளக்கட்டும். தவறு இருந்தால் தவறு என்று சொல்லட்டும். ஆதி சபையில் அப்பொல்லோ என்ற பிரசங்கியார் பேசினதில் குறை கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்துக் காட்டினார்களே, அப்படிப் பேசிய பிரசங்கியாரிடமும் போய்ச் சொல்லட்டும். அப்புறம், நோயாளிகள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு நடை போய், மாத்திரையை யாராவது நிறுத்தியிருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேட்கட்டும்.

அந்த டப்பா இப்போது தங்கையின் சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஆராதனைக்குத்தான் இன்னும் போகவில்லை. கூட்டம் நடத்திய சபையிலிருந்து இந்த இரண்டு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் வந்து பேசவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.