அந்த 'யெஸ்' பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்ன ஒரு விஷயம் இரவு முழுக்க மனத்தை விட்டுப் போகவில்லை. "எஸ்எஸ்எச் பெரிய எழுத்தில் ஏதோ எச்சரித்தது அப்பா, அந்த வரியை அழித்துவிட்டு 'யெஸ்' அடித்தேன், சரியாகிவிட்டது" என்றாய். எஸ்எஸ்எச் என்பது தூரத்தில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான நிரல்; அதன் எச்சரிக்கையை அப்படித் தள்ளிவிடக் கூடாது. அப்போதே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். நீ வேலை அவசரத்தில் இருந்தாய், விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறு கணினிக்குள் நுழைய டெல்நெட் என்ற நிரல்தான். தட்டும் ஒவ்வோர் எழுத்தும், கடவுச்சொல் உட்பட, தபால் அட்டையில் எழுதியதுபோல வழியில் இருப்பவர் எவரும் படிக்கும்படி போகும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படித்தான் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனன் அதைக் கண்டு அந்த ஆண்டே எழுதியதுதான் எஸ்எஸ்எச். கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் வாசல் போல ஒரு 'போர்ட்' எண் உண்டு. கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஆம் எண்ணை அதற்காகக் கேட்டு வாங்கினார். இப்போது பெரும்பாலான சர்வர்களில் இருப்பது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் 1999இல் வெளியிட்ட அதன் இலவச வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச்.

ஒட்டுக்கேட்பது அதோடு நின்றது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டாமா? முதல் முறை ஒரு சர்வரோடு இணையும்போது அதை அடையாளம் காட்டும் விசையின் கைரேகையை, அதாவது அந்த விசையிலிருந்து கணக்கிட்ட சிறிய எழுத்துத் தொடரைக் காட்டி, தொடரலாமா என்று எஸ்எஸ்எச் கேட்பது அதற்காகத்தான். நீ ஒப்புக்கொண்டால் அந்த விசையை உன் கணினியில் 'நோன் ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை வேறு விசை வந்தால் கத்துகிறது. நேற்று கத்தியது அதுதான். நீ அழித்த வரி, அந்த சர்வரை அடையாளம் காண உன்னிடம் இருந்த ஒரே சாட்சி.

பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும். சர்வரை மறுபடி நிறுவியிருப்பார்கள், அல்லது பழைய ஐபி முகவரி வேறொரு கணினிக்குப் போயிருக்கும். 2023 மார்ச்சில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ வகை விசையை மாற்றியபோது உலகெங்கும் பலருக்கு இதே எச்சரிக்கை வந்தது. அந்த விசையின் ரகசியப் பகுதி சிறிது நேரம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் வெளிப்பட்டுவிட்டதால் மாற்றினார்கள். புதிய கைரேகையையும் அவர்களே வெளியிட்டார்கள். அதனோடு ஒப்பிட்டுவிட்டுப் பழைய வரியை நீக்குவது முறை. எதையும் பார்க்காமல் நீக்குவது, அழைப்பு மணி அடித்தது யார் என்று கேட்காமல் கதவைத் திறப்பதற்குச் சமம்.

"நான் கடவுச்சொல்லே கொடுப்பதில்லையே, என் சொந்த விசையால்தானே நுழைகிறேன்" என்று நீ கேட்பாய். நல்ல கேள்விதான். உன் விசை போடும் கையொப்பம் அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே செல்லுபடியாகும். நடுவில் புகுந்து சர்வர் போல நடிப்பவன் அதை எடுத்துக்கொண்டு போய் உண்மையான சர்வரில் நுழைய முடியாது. ஆனால் போலி சர்வருக்கு உன் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை. யார் வந்தாலும் வரவேற்கும். நீ உள்ளே போய் நிர்வாகி உரிமை பெறும் 'சூடோ' கட்டளையைத் தட்டி, கேட்கும் கடவுச்சொல்லை உன் கையாலேயே கொடுப்பாய். ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உன் விசையை வைத்திருக்கும் ஏஜென்ட் நிரலை சர்வரிலிருந்தும் பயன்படுத்தவிடும் வசதி) திறந்திருந்தால் இன்னும் மோசம்: நீ இணைந்திருக்கும் வரை உன் விசையைக் கொண்டு அவன் மற்ற சர்வர்களுக்குள் போகலாம். அதை அணைத்துவிடு. ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் எஸ்எஸ்எச்சின் 'ப்ராக்ஸிஜம்ப்' வசதி போதும்; உன் ஏஜென்ட் உன் கணினியை விட்டு வெளியே போகாது.

கைரேகையைக் கண்ணால் ஒப்பிடுவது சலிப்பான வேலை என்று எனக்கும் தெரியும். முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள்தான் அதிகம். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல், 'யெஸ்' என்று தட்டுவதற்குப் பதிலாக நம்பகமான வழியில் பெற்ற கைரேகையையே அந்த இடத்தில் ஒட்டலாம். இரண்டும் பொருந்தினால்தான் இணைப்பு தொடரும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்.

இணைப்பு அறுந்து பாதி வேலை போய்விட்டது என்றும் சொன்னாய். நீண்ட வேலையை சர்வரில் 'டிமக்ஸ்' என்ற நிரலுக்குள் தொடங்கு. இணைப்பு போனாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது ஒன்று செய். எஸ்எஸ்எச் வழியாக வேண்டாம். சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் வலைத்தளத்தில், சர்வரின் திரையை நேரடியாகக் காட்டும் கன்சோல் இருக்கும், அதன் வழியாக உள்ளே போ. எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் சர்வரின் பொது விசையின் கைரேகையை எடுத்து, உன் கணினியில் நேற்று பதிவானதோடு ஒப்பிடு. இரண்டும் ஒரே வகை விசையா என்று முதலில் பார், இடி25519க்கு இடி25519. ஆர்எஸ்ஏவோடு ஒப்பிட்டுவிட்டு வீணாகப் பயந்துவிடாதே. பொருந்தினால் நல்லது, சர்வரை யார் எப்போது மாற்றினார்கள் என்று குழுவில் கேட்டு வை. பொருந்தாவிட்டால், நேற்று அங்கே தட்டிய கடவுச்சொல் அனைத்தையும் அந்தக் கன்சோலிலிருந்தே மாற்று, உன் மேலாளரிடம் மறைக்காமல் சொல். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

பார்த்து முடித்ததும் கூப்பிடு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா