உர்சுலா 'ஐரோப்பாவின் அதிபர்' அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உர்சுலா வான் டெர் லேயனை 'ஐரோப்பாவின் அதிபர்' என்று செய்திகளில் எழுதுவது தவறு. அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர். மக்கள் அவருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை. ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளின் தலைவர்கள் ஒருவரை முன்மொழிவார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யும். வந்தவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். தோற்றால் தலைவர்கள் ஒரு மாதத்துக்குள் வேறொருவரைச் சொல்ல வேண்டும்.

மருத்துவரான இவர் 14 ஆண்டுகள் ஜெர்மனியில் குடும்பநலம், தொழிலாளர் நலம், பாதுகாப்பு என்று அமைச்சராக இருந்தவர். ஆணையத் தலைவர் பதவிக்கான நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 2019-இல் தேவை 374, பெற்றது 383. ஒன்பதே வாக்கு கூடுதல்! 2024-இல் தேவை 360, கிடைத்தது 401.

பதவியிலிருந்து இறக்குவது இன்னும் கடினம். பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நிறைவேறினால் ஆணையம் முழுவதுமே விலக வேண்டும். 2025 ஜூலையில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவு 175, எதிர்ப்பு 360.

2021 ஏப்ரலில் அங்காராவில் துருக்கி அதிபர் எர்டோகன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர், உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சிலின் அப்போதைய தலைவர் சார்லஸ் மிஷேல். உர்சுலாவுக்குக் கிடைத்தது தள்ளியிருந்த சோபா. ஆணையத் தலைவர், கவுன்சில் தலைவர் இரண்டும் வெவ்வேறு பதவிகள். தயவுசெய்து பதவிப் பெயரைச் சரியாக அச்சிடுங்கள்.

— வாசகர், திருச்சி