கோரிக்கை மனு: அங்கன்வாடி டீச்சரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச மாதத்தில் ஒரு ஞாயிறு

அனுப்புநர்
அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர்,
திருப்பூர் மாநகராட்சிப் பகுதி.
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் – அங்கன்வாடி மையங்களில் வேலைக்குச் செல்லும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் பெற்றோர் கூட்டம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். எங்கள் மகனை அங்கன்வாடியில் விடுவதும் கூட்டிவருவதும் என் மாமியார்தான். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் மற்றவர்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

என் மகனுக்கு மூன்றரை வயதில் நடந்ததைச் சொன்னால்தான் நாங்கள் கேட்பது என்னவென்று விளங்கும். வீட்டில் அவன் டிவியை ஒட்டி நின்றுதான் பார்ப்பான். நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவான். பிடிவாதம் என்று நினைத்து நான் திட்டியிருக்கிறேன், ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். மையத்தில் டீச்சரும் ஒன்றைக் கவனித்திருக்கிறார். பாட்டுக்குக் கை தட்டச் சொன்னால் மற்ற பிள்ளைகள் உடனே தட்டுவார்களாம். இவன் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தட்டுவானாம். "அம்மாவை ஒருநாள் வரச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆதார் நகல் ஏதோ கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் தள்ளிப்போட்டேன். லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும்.

மையங்களுக்கு ஆண்டில் இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழுதான் கடைசியில் சந்தேகப்பட்டு, அரசு மருத்துவமனைக்கு அனுப்பியது. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகு இப்போது நன்றாகக் கேட்கிறது. ஆனால் பேச்சு வளர வேண்டிய வயதில் ஏழெட்டு மாதம் அவனுக்குப் போய்விட்டது. டீச்சருக்குத் தெரிந்தது டீச்சரிடமே இருந்தது, எனக்குத் தெரிந்தது என்னிடமே இருந்தது. இருவரும் கால்மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

இதில் டீச்சரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆயாவோடு சேர்த்து மையத்தில் இரண்டே பேர். சத்துமாவு கொடுப்பது, எடையும் உயரமும் பார்ப்பது, கர்ப்பிணி வீடுகளுக்குப் போய்வருவது, அத்தனையையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது என்று வேலை ஓய்வதில்லை. வாக்காளர் பட்டியல் வேலை வந்துவிட்டால் அதுவும் அவர் தலையில்தான். பெற்றோர் கூட்டம் நடக்காமலும் இல்லை. வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கிறது. பாட்டிமார் நாலைந்து பேர் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், கூட்டம் முடிந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளையைப் பெற்றவர்களில் ஒருவர்கூட அந்தப் போட்டோவில் இருக்க மாட்டார்கள்.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது இதே துறைதான் சமுதாய வளைகாப்பு நடத்தி என் கைக்கு வளையல் போட்டது. நெற்றியில் குங்குமம் வைத்து, ஐந்து வகைச் சாதம் பரிமாறினார்கள். தாய்வீட்டில் இருப்பது போலவே இருந்தது. பிள்ளை பிறந்து மையத்துக்குப் போகத் தொடங்கியபின் அந்த உறவு எப்படி அறுந்தது என்றே தெரியவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். என் மூத்த மகளின் பள்ளியில் நானும் அதில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கன்வாடி மட்டத்தில் கண்காணிப்பு, ஆதரவுக் குழு அமைக்க மத்திய அரசு 2011-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எங்கள் மையத்தில் அப்படி ஒரு குழு கூடியதாக எங்களில் யாருக்கும் நினைவில்லை.

ஆகவே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடத்த ஆணையிடுமாறு வேண்டுகிறோம். அன்றைக்கு வேலை செய்யும் டீச்சருக்கும் ஆயாவுக்கும் வாரநாளில் ஈடுசெய் விடுப்பு உண்டு என்பது அந்த ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். அவர்கள் ஓய்வைப் பறித்து எங்களுக்கு எந்த நன்மையும் வேண்டாம்.

கூட்டம் என்றால் மைக் பிடித்துப் பேசும் கூட்டம் எங்களுக்கு வேண்டாம். பிள்ளை இங்கே எப்படிச் சாப்பிடுகிறான், யாரோடு விளையாடுகிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று டீச்சர் சொல்ல வேண்டும். வீட்டில் எப்படி இருக்கிறான் என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெற்றோருக்கும் பத்து நிமிடம் கிடைத்தால் போதும், எல்லாரும் ஒரே மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. மாதாமாதம் பார்க்கும் எடையும் உயரமும் டீச்சரின் போனில் ஏறுகின்றன, எங்கள் கைக்கு வருவதில்லை. அதை ஒரு அட்டையில் எழுதி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாதம் சொல்லிக்கொடுக்கும் பாட்டையும் கதையையும் அதிலேயே எழுதிவிட்டால், ராத்திரி தூங்க வைக்கும்போது அப்பாக்களும் பாடுவார்கள்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். எங்கள் மையத்தில் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு குழந்தை "பானி, பானி" என்று அழுதபோது ஆயாவுக்கு விளங்காமல், பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத்தான் தண்ணீர் கேட்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். அந்தத் தாய்மார்களில் ஒருவராவது மையத்தின் குழுவில் இருக்க வேண்டும். கூட்ட அறிவிப்பு அவர்கள் மொழியிலும் போக வேண்டும்.

மாவட்டம் முழுவதும் உடனே முடியாது என்றால், பனியன் கம்பெனித் தொழிலாளர் அதிகம் வசிக்கும் பகுதிகளில் சில மையங்களிலாவது ஆறு மாதம் நடத்திப் பார்க்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் மையத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்குப் பாயும் டீயும் நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர்.

இடம்: திருப்பூர்

நகல்: மாவட்டத் திட்ட அலுவலர், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள், திருப்பூர்.