உரக்கூடத்துக்குச் சருகு கொடுங்கள்

ஐயா,

2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடும் கரியமில வாயுவின் அளவுக்கு அதை அகற்றவும் செய்வது, சென்னையின் இலக்கு. மின்சாரப் பேருந்து பற்றிப் பேசுமளவுக்குக் குப்பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிடங்கில் குவியும் ஈரக் குப்பை காற்றுப்படாமல் அழுகி மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இதைத் தவிர்க்க ஈரக் குப்பையை வார்டு உரக்கூடத்தில் மக்கவைத்து உரமாக்கலாம். அங்கே உரத்தொட்டி நாறுவதற்குப் பெரும்பாலும் ஈரம் மிகுவதே காரணம். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்து, வாரம் ஒருமுறையாவது அடிவரை கிளற வேண்டும். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக் கூடாது. இந்தச் சருகைத்தான் தெருவோரம் கொளுத்துகிறோம்! பூங்காச் சருகு முழுவதையும் அந்தந்த வார்டு உரக்கூடத்துக்கே அனுப்ப மாநகராட்சி உத்தரவிட வேண்டும். பிளாஸ்டிக் பையோடு வரும் ஈரக் குப்பையை வாசலிலேயே மறுக்கத் தூய்மைப் பணியாளர்களுக்கு அதிகாரமும் வேண்டும்.

- வாசகர், பெரம்பூர்