நீலத் தொட்டி

கண்ணு,

படம் வந்தது. உன் கோனோஃபைட்டம் செடி, கூழாங்கல் கொட்டி வைத்த மாதிரித் தலைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, 3 வருடத்தில் தொட்டி விளிம்பையே தொட்டுவிட்டதே! வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அந்த ஜன்னல் திண்டில் எப்போதும் இரண்டு கோப்பை இருக்கும், இதில் ஒன்றுதான் தெரிகிறது. சரி, அதை விடு.

வெயில் ஏற ஆரம்பித்தால் தண்ணீரை நிறுத்திவிடு. தோல் காய்ந்து காகிதமாகும், செத்துப்போன மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே புதுத் தலை பழைய இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உயிரோடுதான் இருக்கும். அது பிறந்த நமக்வாலாந்தில், அதுதான் தென்னாப்பிரிக்காவில், மழையே குளிர்காலத்தில்தானாம். வெயில் தணிந்து, அந்தக் காகிதம் கிழிந்து பச்சை எட்டிப் பார்க்கும்போது ஊற்று. திரும்பவும் சொல்கிறேன், அதுவரை ஊற்றாதே.

பிரித்து நடுவதும் அப்போதுதான். வெறும் தலையைக் கிள்ளினால் பிழைக்காது, அடியில் துளியாவது தண்டு வேண்டும். வெட்டின இடம் காய சில நாள் நிழலில் போட்டுவை, அப்புறம் பொடிக்கல்லும் மணலும் அதிகம் கலந்த மண்ணில் நடு. காய் விட்டால் வெயிலில் வைத்து வெடிக்குமென்று காத்திருக்காதே, நான் காத்திருந்தேன்; அது நனைந்தால்தான் திறக்கும். புதிதாக வாங்கினால் விதையில் வளர்த்ததா என்று கேள், மலையிலிருந்து திருடிப் பிடுங்கி விற்கிறார்கள்.

போன தடவையும் இவ்வளவு எழுதினேன், நீ ஒரு கட்டைவிரல் அனுப்பினாய்.

நீலத் தொட்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, பொய். போன கோடையில் அது சுருங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் தினமும் ஊற்றினேன். ஒருநாள் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. 40 தலையில் 9தான் மிஞ்சியது. "சும்மா விடும்மா" என்று நீ எழுதி ஒட்டிய சீட்டு தொட்டியிலேயே இருந்தது. எனக்குச் சும்மா இருக்க வராது. அந்த விஷயத்திலும் நீ யோசிக்க வேண்டும் என்றபோது நாள் குறிக்க அவசரப்பட்டது நான்தான், அப்பா இல்லை. இத்தனை நாள் அப்பா மேல் போட்டுவிட்டு இருந்தேன்.

அந்த ஒன்பதும் வேர் விட்டுவிட்டன. உன் அறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறது. கட்டில் மேல் கிடந்த பெட்டிகளையும் எடுத்துவிட்டேன், அது செடிக்காக இல்லை.

அம்மா