கண்காட்சி முடிந்து தோட்டத்துக்கு வந்த சாமான்கள்: உதவிய எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மடலில் யாருடைய பெயரும் இருக்காது. உதவி செய்தவர்களில் பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், மீதிப் பேரின் பெயரை மட்டும் போடுவது சரியில்லை. ஆனால் யார் யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதாமல் விட மனசு கேட்கவில்லை. வாசிக்கும்போது "இது நான்தான்" என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பில் மலையக மக்களின் வரலாறு பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், 1869இல் கோப்பி இலையில் கண்டுபிடிக்கப்பட்ட நோய், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை, மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் படமும் எழுத்துமாக வைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்தின் ஒரு காம்பராவையே 10க்கு 12 அடி அளவில் பிளைவுட்டால் கட்டியிருந்தார்கள், உள்ளே அடுப்போடு. கண்காட்சி முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சிக்கு மண்டபத்தைக் காலி பண்ண வேண்டும். இப்படியான சாமான் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். ஒவ்வொரு பலகையும் அந்த ஒரு மண்டபத்துக்கென்றே அளவெடுத்து வெட்டியது, கழற்றி அடுக்கி வைக்க இடமும் இருக்காது. அந்தச் சாமான் இந்த முறை எங்கள் தோட்டத்து மேல்பிரிவுக்கு வந்து சேர்ந்தது. இன்று அது பிள்ளைகள் படிக்கும் வாசிகசாலையாக, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவின் தடுப்பாக, கொழுந்தெடுக்கும் அக்காமார் நனையாமல் இடுப்பில் கட்டும் படங்காக இருக்கிறது.

முதல் நன்றி அருங்காட்சியகத்தில் கழற்றும் வேலை செய்த தம்பிமாருக்கு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் எல்லாமே உங்கள் கையில்தான் இருந்தது. சுத்தியலால் தட்டி உடைத்துப் போட்டால் வேலை வெகு சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்குரூவைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் நேரம் போகும், முதுகு வலிக்கும், அதற்கென்று மேலதிகமாக ஒரு ரூபாயும் யாரும் தரப்போவதில்லை. நீங்கள் கழற்றினீர்கள். கழற்றிய ஸ்குரூவை அளவு வாரியாகப் பிரித்து யோகட் கோப்பைகளில் போட்டு, எந்தப் பலகை எதோடு சேரும் என்று பின்பக்கம் சோக்கால் இலக்கம் எழுதி அனுப்பினீர்கள். அந்த இலக்கம் இல்லாவிட்டால் இங்கே எங்களுக்கு வந்திருப்பது விறகுதான். பசை போட்டு ஒட்டியிருந்த பலகைகளில் பாதி பிய்ந்துதான் வந்தன, அது உங்கள் குற்றமில்லை, ஒட்டச் சொன்ன திட்டத்தின் குற்றம். கண்காட்சி வடிவமைக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரேயொரு வேண்டுகோள்: முடிந்த இடத்திலெல்லாம் ஒட்டாமல் ஸ்குரூ போடுங்கள், உங்கள் கண்காட்சிக்குப் பிறகும் அந்தப் பலகைக்கு ஆயுசு இருக்கிறது.

அடுத்தது, சாமானைக் கணக்கிலிருந்து கழித்து எங்களுக்குக் கொடுக்க அனுமதி வாங்கித் தந்த அக்காவுக்கு. ஒரு பொருளைக் குப்பையில் போடுவதைவிட இன்னொருவருக்குக் கொடுப்பதற்குத்தான் அதிகக் கையெழுத்து வேண்டியிருக்கிறது என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். வேறோர் இடத்தில் முன்பு இதே மாதிரிக் கேட்டபோது "தோட்டத்து ஆட்களுக்கு இது எதற்கு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள், அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது. அக்கா, நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. எத்தனை அடி பலகை வேண்டும், மழை படுமா, கரண்ட் இருக்கிறதா என்றுதான் கேட்டீர்கள். சர்வதேச அருங்காட்சியகப் பேரவை 2022இல் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட, அருங்காட்சியகம் என்றால் என்ன என்ற புதிய வரைவிலக்கணத்தில் நிலைபேறு, சமூகங்களின் பங்கேற்பு என்ற இரண்டும் இருக்கின்றன. அவை எழுத்தில் மட்டும் இருக்காமல் லொறியில் ஏறி வந்ததற்குக் காரணம் நீங்கள்.

லொறி ஓட்டிய அண்ணனுக்கு: அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று அவ்வளவு தூரம் மழையிலேயே வந்தும் ஒரு பலகைகூட நனையவில்லை, டீசல் காசுக்கு மேல் நீங்கள் ஒன்றும் வாங்கவுமில்லை. டிக்கோயா தாண்டி ரோட்டைப் பார்த்தும் திட்டாமல் வந்ததற்குத் தனி நன்றி. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து மேலே தோளில் சுமந்து ஏற்றிய இளைஞர்களுக்கும், அன்றிரவு சாமான்களை வைக்க இடம் கொடுத்த ஃபெக்டரி ஆட்களுக்கும், தோட்டத் தலைவருக்கும் நன்றி.

இப்போது தச்சு வேலை செய்யும் எங்கள் பாஸ் மாமா. மாமா, நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிரித்திருக்காவிட்டால் முதல் மழைக்கே பாதிச் சாமான் போயிருக்கும். வந்ததில் பிளைவுட்டும் இருந்தது, எம்டிஎஃப் பலகையும் இருந்தது. பெயின்ட் அடித்துவிட்டால் எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாமா ஒவ்வொன்றின் ஓரத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட், ஒரே மாவாக இருந்தால் எம்டிஎஃப். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த அந்தப் பலகை நம் ஊர் பனிக்கு ஆகாது, வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். அதனால் எம்டிஎஃப் எல்லாம் உள்ளறைக்கு, அதுவும் ஓரங்களுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்து, தரையிலிருந்து உயர்த்தி. பொருட்களை மேலே வைத்துக் காட்டிய உயரமான பெட்டிகளை, அடிப்பக்கம் திறந்திருப்பதால், படுக்கப் போட்டு நடுவில் ஒரு தட்டு வைத்துப் புத்தக அலுமாரியாக்கினார். அந்த யோசனை முழுக்க அவருடையது.

அந்த மாதிரி லயக் காம்பராவின் சுவர்தான் இன்று வாசிகசாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் நடுவில் தடுப்பாக நிற்கிறது. நிஜமான 10க்கு 12 அடிக் காம்பராவுக்குள் அடுப்பும் கட்டிலும் ரேடியோவும் ஆறேழு பேரும் இருக்கும்போது சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அந்தச் சின்ன அறையைப் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகக் கட்டிய பலகையே, அந்த அறையில் வளரும் பிள்ளைக்கு அமைதியாகப் படிக்க ஓர் இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நம் பக்கம் இதற்கு வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலை ஃபெக்டரி 2001இல் அருங்காட்சியகமானது, கம்பளைப் பக்கம் பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய கட்டடம் அருங்காட்சியகமாயிற்று, இங்கே அருங்காட்சியகத்தின் பலகை மறுபடி தோட்டமாயிற்று.

தையல் வேலை செய்த அக்காமாருக்கு என்ன சொல்வது! ஃப்ளெக்ஸ் பதாகைகளைப் படங்குக்கு வெட்டலாம் என்று கேட்டது நீங்கள்தான். மழையில் செடிக்குள் இறங்கினால் இடுப்புக்குக் கீழே முழுக்க நனையும், குச்சி கிழிக்கும், உரச்சாக்குப் படங்கு ஒரு மழைக்காலம் தாங்காது. சரி என்று பெரிய பதாகையை வெளியே விரித்தோம். அதில் நூறு வருஷத்துக்கு முந்திய பெண்கள், தலையில் கயிறு மாட்டிய கூடையோடு நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கத்தரிக்கோலை வைத்த அக்கா கையை எடுத்துவிட்டார். "எங்க அப்பாயி மாதிரியே இருக்கு, இத எப்படி வெட்டுறது?" யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் வானமும் மலையும் எழுத்தும் இருந்த பகுதிகளை மட்டும் வெட்டினார்கள். ஒரு முகத்தின் மேலும் கத்தரி படவில்லை. முகங்கள் எல்லாம் இப்போது வாசிகசாலைச் சுவரில் இருக்கின்றன. எழுத்து உள்பக்கம் இருக்கட்டும் என்று பலர் திருப்பிக் கட்டினார்கள், ஓர் அக்கா மட்டும் வெளியே தெரியட்டும் என்றார். அவர் மலைக்குப் போகும்போது இடுப்பில் 1948 என்று பெரிதாகத் தெரியும்.

மீந்த ஃப்ளெக்ஸ் துண்டுகளைத் தயவுசெய்து அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். அது பிவிசி, எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், காற்றோட்டமில்லாத காம்பராவில் சின்னப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் அதுதான் போகும். இதை வீடு வீடாகப் போய்ச் சொன்ன விஞ்ஞான ஆசிரியருக்கும் நன்றி. கண்ணாடி போன்ற பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மூடிகளில் ஒட்டியிருந்த பசையைத் தின்னரால் துடைக்கப் போனவர்களைத் தடுத்ததும் அவர்தான். தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் அதில் நுண்ணிய வெடிப்பு விழுமாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் வைத்தே பொறுமையாக எடுத்தோம். அந்த மூடிகள் இப்போது பிள்ளைக் காம்பராவில் உடைந்த ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பதிலாக இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் குளிர் அடிப்பதில்லை.

முன்பள்ளி டீச்சர், உங்களுக்கு. மலையக வரைபடம் அச்சிட்ட பலகையைச் சுவரில் உயரமாக மாட்டப் போனபோது, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள் என்று நின்றீர்கள். அதில் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளை என்று டவுன்கள்தான் இருந்தன, எங்கள் தோட்டம் இல்லை. நீங்கள் மார்க்கரைப் பிள்ளைகளிடம் கொடுத்தீர்கள். இப்போது மேல்பிரிவு, கீழ்பிரிவு, கோயில், மடுவம், ஒரு பிள்ளையின் மாமா வீடு எல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கின்றன. கண்காட்சிக்காரர்களுக்கு நாங்கள் ஒரு படம் அனுப்பினோம், அடுத்த வரைபடம் போடுமுன் அவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஃபெக்டரி மாடியில் இன்னும் இரண்டு பேர்ஸ்பெக்ஸ் பெட்டிகளும் கொஞ்சம் நல்ல பிளைவுட்டும் மிச்சம் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளோ முன்பள்ளிகளோ கேட்டால் முதலில் அவர்களுக்கு. பெட்டி கனமில்லை, இரண்டு பேர் தூக்கலாம். லொறி மடுவம் வரைதான் வரும், மே மாத மழை தொடங்குவதற்கு முன்னால் வந்தீர்களென்றால் எங்கள் ஆட்களே இறக்கிக் கொடுப்பார்கள்.