ஊர்ப் பள்ளித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் தை மாதப் பொதுக்குழுவில் எடுத்துக்கொண்ட ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் திருப்பணி, இரண்டு வேலைகள் தவிர, ஐப்பசி மழைக்கு முன்னே முடிந்துவிட்டது. கோயில் வேலையைத்தான் திருப்பணி என்பது வழக்கம். பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்று எண்ணியே அப்படி எழுதுகிறோம். வரவு செலவுப் பேரேடும் ரசீதுகளும் சங்கக் கட்டடத்தில் உள்ளன. ஞாயிறு காலையில் யார் வந்தாலும் புரட்டிப் பார்க்கலாம்.

முதலில் எதைச் செய்வது என்பதில் மனத்தாங்கல் இருந்தது. நுழைவாயில் வளைவு வேண்டும் என்றார்கள் சிலர், கணினி அறை என்றார்கள் சிலர். குழு இரண்டையும் தள்ளிவைத்தது. கழிவறையில் தண்ணீர் இல்லாவிட்டால் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வரமாட்டார்கள். ஒழுகும் கூரையின் கீழ் கணினி ஒரு மழைக்குத் தாங்காது. ஆகவே கூரை, குடிநீர், கழிவறை. மிச்சத்தில் வாசிப்பு அறை. அரசுக் கட்டடம் என்பதால் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதி, ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு மூன்றும் கைக்கு வந்த பிறகே சுவரில் கை வைத்தோம்.

அதிக நாள் பிடித்தது கூரைதான். அது மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, மேலே ஜல்லிக்காரை போட்ட பழைய வேலை. ஒழுகிய இடங்களில் முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூசியிருந்தார். வேலூர் வெயிலில் கூரை பகலில் விரியும், இரவில் சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு இணங்கிக் கொடுக்கும். சிமெண்ட் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் மேலே காய வழியில்லாமல் தேக்கில் தங்கிவிட்டது. இரண்டு சட்டங்களின் முனை, சுவருக்குள் செருகிய பகுதி, விரலால் அழுத்தினாலே பொடியாகியது. இரண்டையும் மாற்றி, புது முனைகளுக்குத் தார் பூசிச் செருகினோம்.

பூச்சை முழுதாகச் சுரண்டி எடுத்து, கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கியபின் புதுக்காரை போட்டோம். 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. அடித்து இறுகியபின் சராசரி 3 அங்குலக் கனம், நீர் வடிய 5 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். இந்த வேலையின் உயிரே, காரையைக் கட்டையால் அடித்து இறுக்குவதில்தான் இருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். (இந்தப் பக்கத்துத் தோல் பதனிடுவோருக்கும் கடுக்காய் பழகிய சரக்குதான்.) முதலில் ‘தப் தப்’ என்று ஈரச் சத்தம் வரும். இறுக இறுக அது ‘டக்’ என்று மாறும், கட்டை எம்பும், அடிச்சுவடு விழாது, மேலே சுண்ணாம்புப் பால் கசியும். அதற்கு முன் நிறுத்தினால் கூரை ஒழுகத்தான் செய்யும். கோடை விடுமுறையை விட்டால் வேறு நாள் இல்லை, அதுவோ கத்திரி. அதனால் காலை 6 முதல் 10 வரை மட்டும் வேலை. மற்ற நேரம் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம். கடைசியாக மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தாயிற்று.

குடிநீர். பாலாற்றங்கரை நிலத்தடி நீர் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட கதை நமக்குப் புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்த பிறகுதான் குழாய் வாங்கினோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் ஏற்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். நம் நீர் முதல் அளவைத் தாண்டியதால் அது கழிவறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும். குடிக்க ஊராட்சிக் குழாய் நீர், தனியாக 5,000 லிட்டர் தொட்டியில்.

அந்தத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 20 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே குழாய் திறக்கலாம். கடைசிக் குழாயில் பிடித்த நீர் குளோரோஸ்கோப்பில் (நீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் சிறு கருவி) இளமஞ்சள் காட்ட வேண்டும், குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின். நிறம் வராவிட்டால் பெரும்பாலும் பவுடர்மேல்தான் குற்றம்: வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் போய்விடும். சிறு டப்பாக்களில் இறுக மூடி நிழலில் வைத்திருக்கிறோம்.

கழிவறையில் கோப்பைகள் நன்றாகவே இருந்தன. செப்டிக் டேங்க் வெளிவாயிலில் இருந்த ‘டீ’ குழாய் (ஆங்கில T வடிவக் குழாய்) உடைந்து, மிதக்கும் கசடு உறிஞ்சு குழிக்குள் (கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழி) போய் அதை அடைத்திருந்தது. ‘டீ’யை மாற்றினோம். கிணற்றை ஒட்டியிருந்த பழைய குழியை மூடி, 18 மீட்டருக்கு அப்பால் புதிது தோண்டினோம். சிறு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள், பெண் பிள்ளைகள் பக்கம் மூடியுள்ள குப்பைக்கூடை, பை மாட்டக் கொக்கி ஆகியவையும் போட்டாயிற்று. தயவுசெய்து யாரும் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம்; செப்டிக் டேங்கில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர் அதில் செத்துவிடும்.

பள்ளி வளாகத்திலேயே உள்ள அங்கன்வாடியில், எடைக்கருவி ஆடாமல் நிற்கத் தளத்தைச் சமன் செய்தோம்.

வாசிப்பு அறை மாலை 5 முதல் 8 வரை. பத்தாவது முடித்ததும் ஆம்பூர், இராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் வேலை முடிந்து வந்தும் தேர்வுக்குப் படிக்கலாம் என்பதே நோக்கம். சனிக்கிழமைகளில் அங்கேயே விண்ணப்ப உதவி மேசை: வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, முதியோர் ஓய்வூதியம். மனுக்கள் திரும்புவது பெரும்பாலும் பெயரால்தான். ஆதாரில் முன்னெழுத்து முன்னால், குடும்ப அட்டையில் பின்னால், மாற்றுச் சான்றிதழில் இல்லவே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆவணங்களை இப்போதே ஒப்பிட்டுத் திருத்திவிட்டால், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பெற்றோர் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

முடியாதவை இரண்டு. தெற்குச் சுற்றுச்சுவர் எல்லை அளந்து தரப்படாததால் நிற்கிறது. மழைநீர்க் குழிக்கு மணல் வர வேண்டும்; கூழாங்கல்லும் கருங்கல் ஜல்லியும் போட்டாயிற்று. மணல் விழும்வரை கூரை நீரைக் குழிக்குள் விடாமல் வெளியே திருப்பியிருக்கிறோம். குழிக்குப் போகும் வால்வை யாரும் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு